ஊருக்கெல்லாம் ஒரே நம்பர்

அவங்க பேரை நான் இங்க சொல்லப் போறதில்லை. சொன்னாலும் பூம்பாறையில பாதிப் பேரு "அது யாருங்க?"ன்னுதான் கேப்பாங்க. டவர் அக்கான்னு கேளுங்க, பஸ்ஸை விட்டு இறங்குன எடத்துலயே கையை மேல நீட்டிக் காட்டுவாங்க. டவருன்னதும் நெட்டையா நெனச்சுக்காதீங்க. ஆளு என் தோள் ஒசரம்தான் இருப்பாங்க.

பூண்டுக் காடு படிப்படியா ஏறிப் போற சரிவுல, எல்லாத்துக்கும் மேல, கடைசி வீடு அவங்களுது. ஊரு பள்ளத்துல கெடக்கு. அப்பெல்லாம் செல்லுக்குச் சிக்னலே கெடையாது. அக்கா வாசல்ல ஒரு சப்பட்டைக் கல்லு உண்டு. அதுமேல ஏறி நின்னா மட்டும் ரெண்டு கோடு காட்டும். இறங்குனா போச்சு.

அதனாலதான் எல்லாம் ஆரம்பிச்சது. ஆதார் அட்டைக்குப் படம் எடுக்க வந்தவங்க போன் நம்பர் கேட்டப்போ, பொம்பளைங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு நின்னாங்களாம். யார்கிட்ட போன் இருந்துச்சு? இருந்தாலும் எங்க எடுத்துச்சு? அக்கா முன்னால வந்து, "நம்ம நம்பரைக் குடு"ன்னுட்டாங்க. அப்புறம் கேஸு சிலிண்டருக்குப் பதியுறதுக்கு, பள்ளிக்கூடத்துல சேக்குறதுக்கு, ஆஸ்பத்திரி அட்டைக்கு, பாங்குக்கு, எல்லாத்துக்கும் அதே பத்து எண்ணு. ஒரு குண்டாவை இரவல் குடுக்குற மாதிரிக் குடுத்துக்கிட்டே இருந்தாங்க. குண்டாவாவது திரும்பி வரும்.

நான் அந்த ஊர்ல ரெண்டு மூணு வருசம் இ-சேவை மையம் வச்சிருந்தேன், பஸ்ஸு நிக்கிற எடத்துக்குப் பக்கத்துல. கொடைக்கானல் டவுன்ல கான்வென்ட்ல படிச்ச திமிரு எனக்குக் கொஞ்சம் உண்டு. கோவம் நிறையவே உண்டு. வர்ற பாரம்ல எல்லாம் ஒரே நம்பரைப் பாத்துட்டு, மொத மாசமே அவங்களைக் கூப்பிட்டுக் கத்துனேன். "ஆளுக்கொரு நம்பர் வேணும்க்கா. இதென்ன பொதுக் குழாயா?"

அக்கா சிரிச்சாங்க. "குழாய்க்காச்சும் தண்ணி வர்ற நேரம்னு ஒண்ணு இருக்கு தாயி. நமக்கு எந்நேரமும் வருது."

அது நெசம்தான். எந்நேரமும் யாராச்சும் கூப்பிடுவாங்க, அக்காவைத் தவிர வேற யாரையாச்சும் கேட்டு. எந்தப் பேரைக் கேட்டாலும் அக்கா சொல்றது ஒண்ணுதான்: "ஆமாங்க, நாந்தேன்."

ஒருதடவை பள்ளிக்கூடத்து டீச்சர் கூப்பிட்டு, "உங்க பொண்ணு மூணு நாளா வீட்டுப்பாடம் எழுதலை, என்னம்மா புள்ள வளக்குறீங்க?"ன்னு கிழிகிழின்னு கிழிச்சிருக்காங்க. அக்காவுக்குப் புள்ளையே கெடையாது. ஆனாலும், "தப்புத்தேன் டீச்சர், நாளைக்கு எழுத வச்சுர்றேன்"னு சொல்லி அழுதுட்டாங்க. நடிப்பு இல்லை, மூக்கு சிந்துற அழுகை. அப்புறம் கல்லை விட்டு இறங்கி அந்தப் புள்ள வீட்டுக்குப் போயி, எழுதி முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. அக்காவுக்கு எழுத்து தெரியாது, எண்ணு மட்டும்தான் தெரியும். பென்சில் ஓடுதா நிக்குதான்னு அதையே பாத்துக்கிட்டு இருந்தாங்களாம்.

இன்னொருதடவை ஆஸ்பத்திரியில இருந்து நர்ஸு. "எட்டாம் மாசம் ஆச்சே, ஏம்மா செக்கப்புக்கு வரலை?"

"ஆமாங்க, வயிறு கனமாத்தேன் இருக்கு. வெள்ளனே மொத பஸ்ஸுக்கு வந்துர்றேன்."

புருசன் செத்து எத்தனையோ வருசம் ஆன பொம்பளை, அம்பது வயசுல, வயித்துல கையை வச்சுக்கிட்டுச் சொல்றாங்க! நான் பக்கத்துல நின்னு விழுந்து விழுந்து சிரிச்சேன். "ஏன்க்கா இப்படிப் புளுகுறீங்க?"ன்னு கேட்டேன்.

"புளுகா? அந்தப் புள்ள அடிக் காட்டுல வேலை பாக்குது. போயிக் கூட்டியாறதுக்குள்ள அவுக போனை வச்சுருவாக. யாராச்சும் ஒருத்தி ஆமான்னு சொல்லணும்ல?" சொல்லிட்டு மழையில அடிக் காட்டுக்கு ஓடுனாங்க. மறுநா அந்தப் புள்ளையப் பஸ்ஸு ஏத்தி விட்டதும் அவங்கதான்.

சாயங்காலம் மையத்தைப் பூட்டிட்டு நான் மேல ஏறிப் போவேன். கல்லுமேல குத்தவச்சு உக்காந்துக்கிட்டு, போனை மடியில போட்டுக்கிட்டு, கீழ இருந்து ஏறி வர்ற மேகத்தைப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. மேகம் மொதல்ல கோயிலை மூடும், அப்புறம் ஓட்டு வீடுங்களை, அப்புறம் காட்டை ஒவ்வொரு படியா. "நேத்து கனவுல எல்லாரும் நானா இருந்தேன் தாயி"ன்னு ஒருநா சொன்னாங்க. "எல்லா வீட்டுலயும் நாந்தேன் சோறாக்குறேன். எல்லாத் தொட்டில்லயும் நாந்தேன் ஆட்டுறேன். என் வீடு மட்டும் பூட்டிக் கெடந்துச்சு." அதைச் சொல்றப்போ வருத்தமும் இல்லை, சந்தோசமும் இல்லை. மழை வருதுன்னு சொல்ற மாதிரிச் சொன்னாங்க.

குடும்பத் தலைவிங்களுக்கு மாசாமாசம் பாங்குல பணம் போடுற திட்டம் வந்தப்போ, மொத முகாம் மூணு நாள் என் மையத்துலதான் நடந்துச்சு. அப்ப விதியெல்லாம் லேசு. ரேசன் கார்டு, பாங்குப் புத்தகம், ஏதாச்சும் ஒரு போன் நம்பர். அந்த ஏதாச்சும் ஒரு நம்பர் எதுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

மையத்துக்குக் கம்பி வழியா நெட்டு வந்துரும். செல்லுக்குத்தான் சிக்னல் இல்லை. நான் கீழ பட்டனை அமுக்குனா ஓடிபி மேல அக்கா போனுக்குப் போகும். பத்து நிமிசத்துல அந்த ஆறு எண்ணும் என் கைக்கு வந்தாகணும். அன்னைக்குன்னு பாத்து மேகம் இறங்கி ஊரையே மூடிருச்சு. மேல வீடு தெரியலை, நடுவுல காடு தெரியலை. அந்த வெள்ளைக்குள்ள இருந்து "ஏழூ..."ன்னு அக்கா குரல் வரும். காட்டுல களை எடுக்குற ஒருத்தி அதை வாங்கி "ஏழூ..."ன்னு கீழ விடுவா. அவளுக்குக் கீழ இன்னொருத்தி. ஜன்னல்கிட்ட வந்து சேர்றப்போ அது எண்ணு மாதிரியே இருக்காது. யாரோ யாரையோ தேடிக் கூப்பிடுற மாதிரி இருக்கும். நான் டைப் அடிக்கிறதை மறந்துட்டுக் கேட்டுக்கிட்டே உக்காந்திருப்பேன். "ஏத்தா, தூங்கிட்டியா?"ன்னு எதுக்க நிக்கிறவங்க மேசையைத் தட்டுனாத்தான் முழிப்பு வரும்.

மூணு நாளும் அக்கா கல்லை விட்டு இறங்கலை. முப்பதுக்கும் மேல பொம்பளைங்களுக்கு அவங்க தொண்டையிலதான் பதிவு ஆச்சு. கடைசி நாள் சாயங்காலம் குரலே இல்லாம, ரேசன் கார்டை முந்தானையில சுத்திக்கிட்டு இறங்கி வந்தாங்க. நான் அப்பத்தான் கம்ப்யூட்டரை அணைச்சிருந்தேன். முகாம் முடிஞ்சு போச்சு. "நீங்க மொத ஆளா வந்திருக்கணும்ல?"ன்னு எரிஞ்சு விழுந்தேன். "நான் கீழ வந்துட்டா மேல யாரு கூவுறது?"ன்னாங்க.

அதுக்கப்புறம் மாசாமாசம், பணம் ஏறுற அன்னைக்கு, அக்கா போன்ல ணிங் ணிங்னு மெசேஜ் வந்து விழுகும். கணக்கு நம்பரோட கடைசி நாலு எண்ணை வச்சே இது இன்னார் வீட்டுதுன்னு கண்டுபிடிச்சிருவாங்க. அப்புறம் வீடு வீடா இறங்கிப் போயி, "உனக்கு வந்துருச்சு"ன்னு சொல்லணும். அதுதான் அன்னைக்கு அவங்க சோலி. முழங்கால் வலியோட பூண்டுக்குக் கூலிக்குப் போற பொம்பளை, ஒருநாள் கூலியை விட்டுட்டு அடுத்தவங்க சந்தோசத்தைச் சுமந்துக்கிட்டுத் திரியுவாங்க. ஒரு ணிங் கூட அவங்களுது இல்லை.

ரெண்டாவது முகாம் வந்தப்போ ஊருக்கு நெச டவரே வந்துருச்சு. எல்லா வீட்டுலயும் ரெண்டு கோடு, மூணு கோடு. விதியும் மாறிருச்சு. ஒரு நம்பருக்கு ஒரு ஆள்தான். முந்தியே ஏறுன நம்பரை மறுபடி போட முடியாது. பதினஞ்சு நாள் டைம். இந்தத் தடவை நான் விடலை. மொத நாளே அக்காவைக் கையைப் பிடிச்சுக் கூட்டியாந்து மேசைக்கு முன்னால உக்கார வச்சேன். பேரு, கார்டு, பாங்கு எல்லாம் போட்டு நம்பரை அடிச்சேன். இந்த எண் ஏற்கெனவே பதிவு செய்யப்பட்டுள்ளதுன்னு சிவப்புல வந்து நின்னுச்சு.

"யாரு அந்தப் புண்ணியவதி, என் நம்பரைப் போட்டது?"

"நீங்கதான்க்கா. முப்பது தடவைக்கு மேல."

அதுல ஒருத்தர் பேரை இறக்கிட்டு உங்களை ஏத்தலாம், ஆனா திரும்ப விசாரிச்சு முடியுற வரைக்கும் அவங்களுக்குப் பணம் நிக்கும்னு சொன்னேன். அக்கா பதறிட்டாங்க. "ஐயய்யோ, யாரோடதும் நிக்க வேணாம். புதுசா ஒரு சிம்மு வாங்கிக்கிறேன்."

சிம்மு வாங்கக் கொடைக்கானலுக்கு நானும் கூடப் போனேன். கடைக்காரரு பெருவிரலை மெசின்ல வைக்கச் சொன்னாரு. வச்சாங்க. சிவப்பு. தொடச்சு வச்சாங்க. சிவப்பு. பத்து விரலையும் வச்சுப் பாத்தாச்சு. அவரு அக்கா கையை வெளிச்சத்துல திருப்பிப் பாத்துட்டு, "ரேகையே இல்லீங்களேக்கா"ன்னாரு. மண்ணும் பூண்டுத் தோலும் பூண்டுச் சாறும் வருசக்கணக்கா அரிச்சு, விரல் நுனியெல்லாம் வழவழன்னு கெடந்துச்சு. "பத்து நாள் கையில எந்த வேலையும் வச்சுக்காதீங்க. தேங்கா எண்ணெய் தடவிக்கிட்டே இருங்க. ரேகை திரும்பி வரும்"னாரு.

பூண்டு எடுக்குற நேரம் அது. கூலியை விட்டுட்டுப் பத்து நாள் யாரு உக்காருவா? நான்தான் ஊருக்குள்ள போயி ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு கத்துனேன். "யாரோட தொண்டையில நீங்கெல்லாம் பணம் வாங்குறீங்க?" கத்தவே வேண்டியதில்லை, பாவம். கேட்ட ஒடனே ஒத்துக்கிட்டாங்க. அக்கா பங்கு வேலையை ஆளுக்கொரு நாள் முறை வச்சுப் பாத்து, கூலியை அவங்க வீட்டுல குடுத்துட்டாங்க. ஒருத்தி சோறு கொண்டாந்து வச்சா. நான் ஏரிக்கரைக் கடையில ஒரு ஜோடி கம்பளிக் கையுறை வாங்கியாந்து, எண்ணெய் தடவுன கையில மாட்டி விட்டேன், சிவப்புக் கலரு. டூரிஸ்ட்டு மாதிரி இருக்கீங்கன்னு கேலி பண்ணுனா, வெக்கப்பட்டுக் கையைப் பின்னால மறைச்சுக்குவாங்க.

அந்தப் பத்து நாளைத்தான் நான் அடிக்கடி நெனைக்கிறேன். அவங்களுக்குச் சும்மா உக்காரத் தெரியலை. கை தானா மண்ணைத் தேடும். இல்லாத பூண்டை உரிக்கும். மூணாம் நாளுக்கு மேல கொஞ்சம் கொஞ்சமா அடங்குச்சு. மேகம் வந்து கல்லையும் அவங்களையும் மூடும். விலகுனா அதே எடத்துல, சிவப்புக் கையை மடியில வச்சுக்கிட்டு, பாதிக் கண்ணு மூடி இருப்பாங்க. அஞ்சாறு வயசுக் கொழந்தை முகம் மாதிரி ஆயிருக்கும். "கை சும்மா இருந்தா மனசு எங்கெங்கயோ போகுது தாயி"ன்னாங்க.

"பணம் வந்தா என்னக்கா பண்ணுவீங்க?"

"முட்டி வலிக்கிற அன்னைக்குக் கூலிக்குப் போகாம படுத்துக்குவேன். அப்புறம், அந்த ணிங் வரும்ல? வந்த அன்னைக்கு யாரு வீட்டுக்கும் சொல்லப் போக மாட்டேன். இங்கனயே உக்காந்து, எனக்கு வந்துருச்சு, எனக்கு வந்துருச்சுன்னு சொல்லிக்கிட்டே இருப்பேன்." சொல்லிட்டு அவங்களே சிரிச்சுக்கிட்டாங்க. நான் எழுந்து கீழ வந்துட்டேன்.

பதினோராம் நாள் மெசின்ல பச்சை விழுந்துச்சு. கடைக்காரரு கையே தட்டிட்டாரு. திரும்பி வர்ற பஸ்ஸுல அக்கா புது நம்பரை மனப்பாடம் பண்ணிக்கிட்டே வந்தாங்க. பூம்பாறை வர்றதுக்குள்ள பஸ்ஸுல பாதிப் பேருக்கு அது மனப்பாடம் ஆயிருக்கும். போன்ல ரெண்டு சிம்மு போட எடம் இருந்துச்சு. பழசு ஊருக்கு, புதுசு எனக்குன்னாங்க. "எனக்கு"ன்னு அவங்க வாயில நான் கேட்டது அபூர்வம். அன்னைக்கே பதிஞ்சிருவோம்னா நெட்டுக் கம்பி அறுந்து கெடந்துச்சு. சரியாகுறதுக்குள்ள கடைசி நாள் வந்துருச்சு.

கடைசி நாள் அஞ்சு மணிக்கு முடியணும். நாலேகாலுக்கு வரிசையில ரெண்டு பேருதான் மிச்சம். முன்னால ஒரு சின்னப் பொண்ணு, இடுப்புல கைப்புள்ள, கீழத்தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தவ. பின்னால அக்கா, தலை சீவிப் பூ வச்சுக்கிட்டு.

"நம்பர் சொல்லும்மா"ன்னேன்.

"நம்பர் இல்லீங்க. போனு அவருகிட்டத்தேன் இருக்கு."

"அப்ப அவரு நம்பரைச் சொல்லு."

அந்தப் பொண்ணு குரலைத் தாழ்த்திக்கிச்சு. "அவரு போனுக்குச் சேதி போனா அந்தக் காசு என் கைக்கு வராதுங்க. எனக்குப் பாங்குப் புத்தகம் இருக்குறதே அவருக்குத் தெரியாது. எங்கம்மா போட்டுக் குடுத்தது."

"நம்பர் இல்லாம ஏத்த முடியாதும்மா."

அந்தப் பொண்ணு மேசை மேல இருந்த பேப்பரை ஒவ்வொண்ணா எடுத்து அடுக்குச்சு. புள்ள அதுல ஒண்ணை இழுத்துச்சு. அப்பத்தான் பின்னால இருந்து அந்தக் குரல் வந்துச்சு.

"நம்ம நம்பரைக் குடு."

சொன்ன ஒடனே அக்கா முகத்தைப் பாத்தேன். சத்தியமாச் சொல்றேன், அவங்க யோசிச்சுச் சொல்லலை. வருசக்கணக்காச் சொல்லிச் சொல்லி, அது தானா வந்து விழுந்துருச்சு. சொன்னப்புறம்தான் என்ன சொன்னோம்னு அவங்களுக்கே ஒறைச்சுது. முகம் வெளுத்துப் போச்சு. அதுக்குள்ள அந்தப் பொண்ணு திரும்பி அவங்க கையைப் பிடிச்சுக்கிச்சு. நானும் அந்தப் புது நம்பரை அடிச்சுட்டேன். எனக்கும் அது மனப்பாடம்தான?

ணிங்னு வந்துச்சு. அக்கா போனைக் கண்ணுக்குக் கிட்ட கொண்டு போனாங்க.

"நாலு. ஒம்போது. சைபர். ரெண்டு."

நிறுத்திட்டாங்க. இன்னும் ரெண்டு எண்ணு இருக்கு. ஜன்னல் வழியா மேகம் உள்ள வந்துக்கிட்டு இருந்துச்சு. பத்து நிமிசம் கழிஞ்சா அந்த ஓடிபி செத்துரும், நம்பர் அக்காவுக்கே மிஞ்சும். வேணாம்க்கான்னு ஒரு வார்த்தை என் வாய் வரைக்கும் வந்துச்சு. அந்தப் பொண்ணு என்னையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. முழுங்கிட்டேன். அக்கா மூச்சை இழுத்து விட்டாங்க. இந்தத் தடவை வாய் தானாப் பேசலை. அவங்கதான் பேசுனாங்க.

"ஆறு. ஆறு."

அடிச்சேன். பச்சை வந்துச்சு. அந்தப் பொண்ணு என்னென்னமோ சொல்லிட்டுப் புள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடிருச்சு.

அக்கா காலியான நாற்காலில வந்து உக்காந்தாங்க. ரேசன் கார்டையும் பாங்குப் புத்தகத்தையும் ஒழுங்கா எனக்கு முன்னால வச்சாங்க. நானும் கிறுக்கி மாதிரி எல்லாத்தையும் வாங்கிப் பேரை அடிச்சேன், கார்டு நம்பரை அடிச்சேன், பாங்கை அடிச்சேன். போன் நம்பர் கட்டத்துல வந்து நின்னேன். ஊர்ல இருந்த மத்த நம்பரெல்லாம் அந்தப் பதினஞ்சு நாள்ல வேற வேற பேருல ஏறியாச்சு.

என் போன் மேசை மேல, அவங்க கைக்கும் என் கைக்கும் நடுவுலதான் கெடந்துச்சு. பதிவு போடுறவங்க சொந்த நம்பரைப் போடக் கூடாது, போட்டா மையத்தையே பிடுங்கிருவாங்கன்னு எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தாங்க. அது நெசம். எனக்கு அந்த மையம்தான் சோறு. அதுவும் நெசம். ஊரு பூராவுக்கும் நம்பர் குடுத்தவங்க எனக்கு எதுக்க உக்காந்திருக்காங்க. மூணு வார்த்தை சொன்னாப் போதும். எத்தனை நூறு தடவை அவங்க வாயில கேட்டிருப்பேன்!

அக்கா என் போனைத் திரும்பிக்கூடப் பாக்கலை. எனக்கு ஒரு சங்கடம் வரக் கூடாதுன்னு ஜன்னலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அஞ்சு அடிக்க ரெண்டு நிமிசம் இருக்குறப்போ கார்டை எடுத்து முந்தானையில சுத்திக்கிட்டு, "விடு தாயி, அடுத்த முகாமுல பாத்துக்கலாம்"னு என் கன்னத்தைத் தட்டுனாங்க. நான் இருந்த வரைக்கும் அடுத்த முகாம் வரலை. கல்யாணமாகி ஒட்டன்சத்திரம் வந்து இத்தனை வருசம் ஆச்சு, மேல போக எனக்குக் கால் வரலை.

அன்னைக்கு அவங்க எழுந்ததும் நான் குனிஞ்ச தலை நிமிராம, "அடுத்த ஆளு வாங்க"ன்னு கூப்பிட்டேன். அக்காவுக்குப் பின்னால யாருமே இல்லை.